பிசியோதெரபி கல்வி: வாசலும் மாற வேண்டும், வகுப்பறையும் மாற வேண்டும்

பக்கவாதத்தில் கை கால் செயலிழந்தவர் மீண்டும் நடப்பதும், நீரிழிவால் காலை இழந்தவர் செயற்கைக் காலில் நிற்கப் பழகுவதும் பிசியோதெரபி சிகிச்சையைப் பெரிதும் பொறுத்தவை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இச்சிகிச்சை அதிகம் தேவைப்படும் சமூகங்களில் நம்முடையதும் ஒன்று.

ஆனால், இத்துறையில் நம் பிள்ளைகள் நுழையும் வாசல் குறுகலானது. யு.கே.எம். பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு உண்டு, போட்டி கடுமை. யு.ஐ.டி.எம்.மிலும் உண்டு, அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ பெற்ற அனைவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்ற 2024 அறிவிப்பு வரவேற்கத்தக்கது. எனினும், 6ஏ எடுத்த தோட்டப்புற மாணவிக்கு அதனால் பயனில்லை. எஸ்.டி.பி.எம். படித்துக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் ஏய்ம்ஸ்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களை நாட வேண்டும். கட்டணத்திற்கு பி.டி.பி.டி.என். கடன் கைகொடுக்கலாம். மருத்துவமனைப் பயிற்சிக்காக ஊர் மாறும்போது ஏற்படும் வாடகை, பயணச் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழும்.

இடம் கிடைத்தால் மட்டும் போதாது. பாடமும் மாற வேண்டும். கால் 'குடையுது', 'மரத்துப் போச்சு', 'சுருக்குன்னு குத்துது' என்பவை ஒன்றல்ல. மரத்துப்போவது நரம்புப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். மலாய் சரளமாக வராத பாட்டி மூன்றையும் 'சாக்கிட்' என்றே சொல்வார். சிகிச்சையாளருக்குக் கிடைக்க வேண்டிய துப்பு அங்கேயே தொலைந்துவிடும். உடலைத் தொட்டுச் செய்யும் சிகிச்சை என்பதால் மூத்த பெண்களின் கூச்சமும் கவனிக்கப்பட வேண்டும். இவற்றைத் தமிழ் மாணவர்கள் மட்டுமன்றி, எல்லா இன மாணவர்களும் வகுப்பிலேயே கற்க வேண்டும்.

பெற்றோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 774, 2020இல் நடப்புக்கு வந்தது. அதன்படி பதிவு பெறாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது. எனவே, முன்பணம் கட்டுவதற்கு முன், கல்லூரி தரும் சான்றிதழ் அப்பதிவுக்கு ஏற்கப்படுமா என்று கேட்டுத் தெளிவது அவசியம்.

உதவிநிதி வழங்கும் அமைப்புகள் கட்டணத்தோடு பயிற்சிக்கால வாடகையையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், பாதியில் படிப்பை விடும் நிலை சில பிள்ளைகளுக்காவது வராது.