87 நாள் இளையவர்



ஒரு சிறு சோதனையோடு தொடங்குவோம். சுழல் நாற்காலி ஒன்றில் அமர்ந்துகொள்ளுங்கள். கைக்கு ஒன்றாக இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்து, கைகளைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். நண்பர் ஒருவரை மெதுவாகச் சுழற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது புத்தகங்களை மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகிறது? யாரும் மறுபடி தள்ளாமலே நாற்காலி விரைந்து சுழல்கிறது அல்லவா?

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கோண உந்தம் நடத்தும்போதெல்லாம் இதை நான் செய்து காட்டுவது வழக்கம். பிறகு ஜப்பானிய வீராங்கனை மாவோ அசாடா பனித்தளத்தில் சறுக்கி நடனமாடும் படத்தைத் திரையில் ஓடவிடுவேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "பதினைந்து வயதிலேயே உலகின் சிறந்த வீராங்கனையரை வென்றவரை 2006 ஒலிம்பிக்கில் ஏன் சார் சேர்க்கவில்லை? இது நியாயமா?" என்று கேட்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல நேரமில்லாத பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். மாவோ அசாடா 1990 செப்டம்பர் 25 அன்று ஜப்பானின் நகோயா நகரில் பிறந்தவர். அதே நகரைச் சேர்ந்த மிடோரி இத்தோதான் 1988இல் பெண்களில் முதன்முதலாக 'டிரிபிள் ஆக்சல்' என்னும் தாவலைப் போட்டியில் செய்து காட்டியவர். மற்றத் தாவல்களில் வீரர் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்புவார். ஆக்சல் ஒன்றில் மட்டும் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்க வேண்டும். ஆகவே 'டிரிபிள்' என்று பெயர் இருந்தாலும் அது மூன்றரைச் சுற்று. இத்தோவைப் பயிற்றுவித்த மச்சிகோ யமடாவிடமே அசாடாவும் சிறுவயதில் பயின்றார். 14 வயதில் பன்னாட்டு இளையோர் போட்டியில் டிரிபிள் ஆக்சலைச் செய்தார். 2005 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில், அப்போதைய உலக சாம்பியனான ரஷ்யாவின் இரினா ஸ்லுட்ஸ்கயாவையே வென்றார்.

இரண்டே மாதத்தில் டூரின் நகரில் ஒலிம்பிக். ஆனால் விதி குறுக்கே நின்றது. ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டின் ஜூலை முதல் தேதிக்கு முன்பே 15 வயது நிறைந்திருக்க வேண்டும். அசாடாவுக்கு 87 நாட்கள் குறைவு. அவர் போகவில்லை.

இது அநியாயம் என்று ஜப்பானில் பலரும் வருந்தினார்கள். என் மாணவியும் அதையே சொன்னார். நானோ அந்த விதி நல்லது என்கிறேன். இன்னும் சொன்னால், அந்த வயது வரம்பு அன்று போதவில்லை என்பதே என் கருத்து. காரணத்தை இயற்பியலிலிருந்தே காட்டுகிறேன்.

பனித்தளத்தை விட்டு எழும்பிய பிறகு வீராங்கனையைத் திருப்பிவிட எதுவும் இல்லை. எழும்பும்போது எவ்வளவு கோண உந்தம் பெற்றாரோ, அதுதான் இறங்கும் வரைக்கும். கோண உந்தம் என்பது நிலைமத் திருப்புத்திறனையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. கைகளை மார்போடு சேர்த்தால் முன்னது குறையும்; ஆகவே பின்னது கூடும். நாற்காலியில் நீங்கள் கண்டது இதுவே.

ஒரு தாவலில் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 0.6 வினாடி என்று கொள்வோம். அதில் பாதி நேரம் ஏற்றம், பாதி நேரம் இறக்கம். கணக்கிட்டால் உயரம் சுமார் 44 சென்டிமீட்டர் வரும். அந்த நேரத்துக்குள் மூன்றரைச் சுற்று என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று. உங்கள் வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறி முழு வேகத்தில் சுழலும் வேகம் அது! உண்மையில் சுழற்சியில் ஒரு பகுதி கால் பனியில் இருக்கும்போதே முடிந்துவிடும். ஆகவே இது தோராயக் கணக்குதான்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். ஒரு சிறுமி வளர்கிறாள். உயரம், அகலம், கனம் ஆகிய மூன்றிலும் பத்தில் ஒரு பங்கு கூடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறை 1.1இன் மும்மடியாக, அதாவது 1.33 மடங்காக உயரும். நிலைமத் திருப்புத்திறன் நிறையையும் அகலத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அது 1.33ஐ 1.21ஆல் பெருக்கினால் வரும் 1.61 மடங்காகும். தசையின் வலிமை அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது 1.21 மடங்கு. விசை செயல்படும் கைநீளம் 1.1 மடங்கு. ஆகத் திருப்பும் திறன் 1.33 மடங்குதான். சுழற்ற வேண்டிய பளு 61 விழுக்காடு கூடிவிட்டது. சுழற்றும் வலிமையோ 33 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. எழும்பும் உயரமும் உந்தும் நேரமும் மாறாவிட்டால், முன்பு மூன்றரைச் சுற்றுச் சுழன்ற உடல் இப்போது 2.9 சுற்றுதான் சுழலும். அரைச் சுற்றுக்கு மேல் பாக்கி நிற்கும்போதே பனி வந்துவிடும். விழ வேண்டியதுதான்!

மனித உடல் இவ்வளவு ஒழுங்காக எல்லாப் பக்கமும் வளர்வதில்லை. பயிற்சியும் நுட்பமும் பெரும்பகுதியை ஈடுசெய்யும். ஆனாலும் கணக்கு காட்டும் திசை தெளிவானது. சிறிய உடலுக்குச் சுழல்வது எளிது. அதிகச் சுற்றுக்கு அதிக மதிப்பெண் என்று விதி இருந்து, வயது வரம்பு மட்டும் இல்லாமல் போனால், போட்டி தானாகவே குழந்தைகளை நோக்கி இறங்கும். 1924இல் சமோனி ஒலிம்பிக்கில் நார்வேயின் சோனியா ஹெனி கலந்துகொண்டபோது அவருக்கு வயது 11. அந்தக் காலத்தில் மூன்று, நான்கு சுற்றுத் தாவல்கள் இல்லை. இன்று அவை உண்டு. ஒவ்வொரு தாவலின் முடிவிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. பயிற்சியின்போது நாள்தோறும் எத்தனையோ முறை அப்படி இறங்கியாக வேண்டும். உங்கள் வயதில் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாமல் இருக்கின்றன என்பதை மறந்துவிடாதீர்கள்.

உடலைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் காமிலா வலியேவா 15 வயதில் நான்கு சுற்றுத் தாவலைச் செய்து காட்டினார். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் பெண் அவரே. சில நாட்களில், அவரிடம் முன்பு எடுத்த மாதிரியில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது என்ற செய்தி வந்தது. தனிநபர் போட்டியில் முதல் கட்டம் முடிந்தபோது முன்னணியில் இருந்தவர், உலகமே பார்த்திருக்க, இறுதிக் கட்டத்தில் தடுமாறி விழுந்து நான்காவதாக வந்தார். 2024இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தது. அந்த மருந்து எப்படி வந்தது என்ற வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தனியாகச் சுமக்கக் கூடிய பாரமா அது? அவரைச் சூழ்ந்திருந்த பெரியவர்கள் எங்கே போனார்கள்? 2022 ஜூன் மாதம் சர்வதேச சறுக்குச் சங்கம் வயது வரம்பைப் படிப்படியாக 15இலிருந்து 17 ஆக உயர்த்தியது. நான் அதை வரவேற்றேன்.

"சரி, காத்திருந்தால் எல்லாம் போய்விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அசாடாவையே பாருங்கள். 2008, 2010, 2014 என மூன்று முறை உலக சாம்பியன். 2010 வான்கூவரில் ஒரே ஒலிம்பிக்கில் மூன்று டிரிபிள் ஆக்சல் செய்து வெள்ளி வென்றார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதைச் செய்ததில்லை. உலகமே புகழ்ந்த அந்த வேளையில் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தம் தாவல்களில் குறை இருப்பதை உணர்ந்து, நொபுவோ சாட்டோ என்ற மூத்த பயிற்சியாளரிடம் சேர்ந்து, அடிப்படையிலிருந்து மறுபடி கற்கத் தொடங்கினார். 2011 உலகப் போட்டியில் ஆறாம் இடத்துக்கு இறங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் தாயையும் இழந்தார். ஆனாலும் விடவில்லை.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் முதல் நாள் எல்லாமே தவறிப்போய் 16ஆம் இடம். மறுநாள் மூன்றரைச் சுற்று ஆக்சலில் தொடங்கி எட்டு மூன்று சுற்றுத் தாவல்களை முயன்றார். ஆட்டம் முடிந்ததும் அவர் கண்கள் நிறைந்துவிட்டன. 142.71 மதிப்பெண்! இறுதிக் கட்டத்தில் அதுவரை அவர் பெற்றவற்றுள் அதுவே அதிகம். அப்போது அவருக்கு வயது 23. பதக்கம் இல்லை, ஆறாம் இடம்தான். ஆயினும் ஜப்பானியர் அவரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். அடுத்த மாதமே சாய்டமாவில் உலக சாம்பியன் ஆனார். 26 வயதில், 2017 ஏப்ரலில் ஓய்வு பெற்றார்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அசாடா கடைசிவரை ஒலிம்பிக் தங்கம் பெறவே இல்லை. 2006இல் சென்றிருந்தால் பெற்றிருக்கக்கூடும். அந்த 87 நாளுக்கு அவர் கொடுத்த விலை உண்மையான விலை. அதை மறைத்துவிட்டு விதியைப் புகழ்வது நேர்மையாகாது. அதே டூரினில் தங்கம் வென்றவரும் ஒரு ஜப்பானியரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷிசுகா அராகாவா, வயது 24.

"இன்றைக்கு வயது போதாது, மூன்று மாதம் கழித்துப் போதும் என்றால் அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்துவிடும்?" என்பது இன்னொரு வாதம். ஒன்றும் நடக்காதுதான். எல்லைக்கோட்டை எங்கே வரைந்தாலும் அதன் இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்கள் நிற்பார்கள். வாக்குரிமை வயதும் அப்படியே, வாகன உரிம வயதும் அப்படியே. அதனால் கோடே வேண்டாம் என்று ஆகிவிடாது. கோடு சரியான இடத்தில் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இப்போதும் அந்தக் கோட்டருகே ஒருவர் நின்றிருக்கிறார். அசாடாவின் நினைவாகவே பெற்றோர் பெயர் வைத்த மாவோ ஷிமாடா. 2008 அக்டோபர் 30இல் பிறந்தவர். 14 வயதில், 2022 ஜப்பான் தேசியப் போட்டியில் பெரியவர்களோடு போட்டியிட்டு மூன்றாம் இடம் பெற்றார். 2023, 2024, 2025 என மூன்று ஆண்டும் தொடர்ந்து உலக இளையோர் சாம்பியன். நான்கு சுற்றுத் தாவலும் அவருக்குக் கைவந்தது. ஆனால் 2025 ஜூலைக்கு முன் 17 வயது நிறையாததால் 2026 மிலான் ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெறவில்லை. நான்கு மாதம் குறைவு!

அடுத்த ஒலிம்பிக் 2030இல். அப்போது அவருக்கு 21 வயது. உடல் மாறியிருக்கும், கணக்கும் மாறியிருக்கும். தெரிந்த தாவலையே புதிதாகக் கற்க வேண்டிவரலாம். வளர்ந்த உடலோடு மறுபடி கற்றுக்கொண்டு வந்து ஆடுவதைத்தான் நான் முழுமையான ஆட்டம் என்பேன். சிறிய உடல் இயற்கை சில காலம் தரும் கடன். அந்தக் கடனை வைத்துக் குழந்தைகளைப் பந்தயத்தில் இறக்கப் பெரியவர்களுக்கு உரிமை இல்லை.

என் மாணவி இதை ஒப்புக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து விவாதியுங்கள். ஆனால் பேசத் தொடங்குமுன் தாளும் பென்சிலும் எடுத்து, அந்த 1.61ஐ ஒருமுறை நீங்களே கணக்கிட்டுப் பார்த்துவிடுங்கள்.