வாயுள்ள பிள்ளை ஜப்பானிலும் பிழைக்கும்!

"ஜப்பானா? கை நிறையச் சம்பளம்டா!" என்று நம் கேன்டீனில் பேசாத நாளில்லை. நானும் பேசியவன்தான், என் அண்ணன் போகும்வரை.

அண்ணன் மெக்கானிக்கல் டிப்ளமோ. தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் அங்கே ஒரு பிரஸ் ஷாப்புக்குப் போனான். மெஷின் புதிதல்ல, பேச்சுதான் புதிது. முதல் வாரம் யாரோ "அபுனாய்!" என்று கத்த, இவன் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறான். 'ஆபத்து' என்று அர்த்தமாம்! விரல் தப்பியது பெரும்பாடு.

குப்பையில்கூட எரிவது, எரியாதது என்று பிரித்து, அதற்குரிய கிழமையில்தான் வைக்கணும். அதைச் சொல்லித்தர ஆள் உண்டு. உரிமையைச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. "பத்திரமா இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டைக் கம்பெனியே வாங்கி வைத்துக்கொண்டது. 2017 நவம்பரில் அமலுக்கு வந்த சட்டம் இதைத் தடை செய்கிறது. ஓவர்டைமுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் கூலி வெளிநாட்டவனுக்கும் உண்டு. இதெல்லாம் தெரியவே அண்ணனுக்கு ஒரு வருஷம் ஆச்சு. தெரிந்ததும், "கயேஷிதே குதசாய்" (திருப்பிக் கொடுங்க) என்று அவர்கள் மொழியிலேயே கேட்டான். மறுநாளே பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

1993-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குப் பதிலாகப் புதியது கொண்டுவர 2024 ஜூனில் சட்டம் நிறைவேறியது. நிபந்தனைகளோடு கம்பெனி மாறவும் அதில் வழியுண்டு. நல்லதுதான். ஆனால் வாய் திறக்காதவனுக்கு எந்தச் சட்டம் உதவும்?

ஆகவே தோழர்களே, ஏஜென்டைத் தேடுமுன் மொழி வகுப்பைத் தேடுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உழைக்கப் போவோம், வாயைப் பூட்டிக்கொண்டு போக வேண்டாம்!