சைக்கிள் செய்த ஊருக்குச் சைக்கிள் பாதை எங்கே?

ஸ்பெயின் நாட்டில், ரயில் ஓடாது நின்றுபோன இருப்புப் பாதைகளை 1993 முதல் மிதிவண்டிப் பாதைகளாக மாற்றி வருகிறார்கள். 3,000 கிலோமீட்டருக்கு மேல்! ஆற்றோரமாக, லாரி பயமின்றி, மக்கள் உல்லாசமாகப் போகிறார்கள்.

நமது அம்பத்தூர்? 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை கண்டு, ஹெர்குலிஸ் வண்டிகளை நாடெங்கும் அனுப்பிய ஊர். அங்கே ஷிப்டுக்குச் சைக்கிள் மிதிக்கும் தோழர், கன்டெய்னர் லாரிக்கு அஞ்சிச் சாக்கடையோரம் ஒதுங்குகிறார்.

இங்கே கைவிட்ட தண்டவாளம் இல்லைதான். அரக்கோணம் தடம் நெரிசலில் திணறுகிறது. ஆனால் திருவேற்காட்டையொட்டிக் கூவம் ஓடுகிறதே! அதன் கரையில் பத்தடிப் பாதை போட என்ன தடை? ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம்: 2017இல் கூவக்கரை ஏழைகளைப் பெரும்பாக்கத்துக்குத் துரத்தியதுபோல, இதைச் சாக்கிட்டு ஒரு குடிசையையும் பிரிக்கக் கூடாது. வெறும் கரையிலிருந்து வேலையைத் தொடங்கட்டும்.