நெய் இல்லை, மோர் இல்லை, ஆனாலும் விருந்து!

"அத்தை, சனிக்கிழமை என் சிநேகிதனும் அவன் பெண்டாட்டியும் என்கூட வாராங்க. மொட்டை மாடியில கரி அடுப்பு வச்சு, காய்கறியெல்லாம் சுட்டுச் சாப்பிடலாமா? ஒண்ணு மட்டும், அவங்க ரெண்டு பேரும் வீகன்" என்று பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் போனில் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சைவம் நமக்குப் புதிதா என்ன? ஆனால் இவர்கள் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எதையுமே தொடமாட்டார்களாம். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் நண்பர்களும் சேர்ந்து சங்கம் தொடங்கி, இந்தப் பழக்கத்துக்கு 'வீகன்' என்று பெயர் வைத்தார்களாம்.

"அதென்னட்டி, மோர்கூடவா குடிக்கமாட்டாங்க? பொறவு என்னத்தத் தின்பாங்களாம்?" என்றார் என் மாமியார்.

யோசித்துப் பார்த்தேன். நம் துவையல், அவியலில் தயிரை விட்டால் மீதி, தேங்காய்ப்பால் சொதி, கருப்பட்டிக் காப்பி... பாதிச் சமையல் அவர்களுக்கானதுதானே! சுட்டுச் சாப்பிடுவதும் புதிதல்ல. சேலம், கரூர்ப் பக்கம் ஆடி முதல் தேதியன்று தேங்காயின் கண்ணைத் துளைத்து, அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம் போட்டு, குச்சியில் செருகி நெருப்பில் சுடுவார்கள். அதில் பாலும் இல்லை, நெய்யும் இல்லை.

ஆறு பேருக்கு நான் எடுத்துக்கொண்டவை: பிஞ்சுக் கத்தரிக்காய் அரை கிலோ, சீனிக்கிழங்கு அரை கிலோ, மக்காச்சோளம் ஆறு, சின்ன வெங்காயம் கால் கிலோ, குடமிளகாய் மூன்று.

தடவுவதற்குத் தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால். காய்ந்த மிளகாய் எட்டு, சீரகம் ஒரு டீஸ்பூன், இஞ்சி ஒரு துண்டு, பத்துச் சின்ன வெங்காயம், கொஞ்சம் புளி, மஞ்சள்தூள், உப்பு எல்லாவற்றையும் அரைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப், நல்லெண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டுக் கலக்கவும். கீறிய கத்தரிக்காயையும் மற்றக் காய்களையும் இதில் ஒரு மணி நேரம் ஊற வைக்கவும். கோர்க்கும் மூங்கில் குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் கருகாது.

சிரட்டைக் கரி நன்றாகப் பிடித்து, சுவாலை அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகுதான் கம்பி வலையில் காயை வைக்க வேண்டும். சீனிக்கிழங்கைத் தோலோடு சாம்பலுக்குள் புதைத்துவிடலாம். முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். சோளத்தில் வெண்ணெய்க்குப் பதில் எலுமிச்சம்பழமும் உப்பும் மிளகாய்த்தூளும்.

ஒரு எச்சரிக்கை: கரி அடுப்பைத் திறந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். மழை என்று அறைக்குள் கொண்டு போகக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, உயிரையே குடித்துவிடும்.

இனிப்புக்கு நம்ம ஊர் நெய் அல்வா ஆகாதே! முதலூர் மஸ்கோத் அல்வா தேங்காய்ப்பாலில் கிண்டுவது. நெய் சேரவில்லை என்று கடையில் கேட்டுக்கொண்டு வாங்கினேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மறுவீட்டு விருந்துக்கு வைப்பதுபோலச் சொதி வைத்து, தாளிக்கும்போது இருபது வருஷப் பழக்கம், கை தானாக நெய்ச் செம்புக்குப் போய்விட்டது! ஊற்றிய பிறகுதான் நினைவு வந்தது. விருந்தாளிகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கரண்டி நெய்தானே? யாருக்குத் தெரியப் போகுது? பேசாம இரு" என்றார் மாமியார். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நமக்குத் தெரியாமல் நம் இலையில் ஒருவர் முட்டை கலந்ததைப் பரிமாறினால் பொறுப்போமா?

இலை போட்டதும் சொல்லிவிட்டேன்: "சொதியில நெய் விழுந்துட்டும்மா. என் தப்புதான். நீங்க அதை விட்டுட்டு மத்ததைச் சாப்பிடுங்க."

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நிறைய வீட்ல 'ஒண்ணும் போடலை'ன்னு சொல்லிடுவாங்க ஆன்ட்டி. சாப்பிட்ட பிறகுதான் தெரியும். அதனாலேயே வெளியே போகும்போது வீட்லயே சாப்பிட்டுட்டுப் போயிடுவோம். இன்னைக்குப் பயமில்லாம சாப்பிடலாம்" என்றாள். சுட்ட கத்தரிக்காயை மூன்று தரம் கேட்டு வாங்கினாள். அதைப் பார்த்து மாமியாரே எழுந்து போய்ச் சாம்பலைக் கிளறி, இன்னொரு கிழங்கு எடுத்து வந்து தோலை உரித்துக் கொடுத்தார்.

சகோதரிகளுக்கு இரண்டு குறிப்புகள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் அர்த்தம். பால் பவுடரோ வெண்ணெயோ இருக்கலாம். பிஸ்கட், ரொட்டி வாங்கும்போது பின்பக்கம் படித்துப் பாருங்கள். வீகன் உணவுகளுக்கென்றே 2022-ல் அரசு தனி முத்திரை கொண்டு வந்திருக்கிறது.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பிள்ளைகளே இப்படி மாறினால் சண்டை போடாதீர்கள். ஆனால் பி-12 வைட்டமின் காய்கறி, பருப்பில் போதிய அளவு கிடைக்காது. டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மிஞ்சிய சொதி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறுநாள் காலை இடியாப்பத்தோடு எங்கள் வீட்டிலேயே தீர்ந்துவிட்டது!