பழைய கணிப்பொறியைப் பரணில் ஏற்றலாமா?



வீட்டில் மிக்ஸி பழுதானால் நம் அம்மாக்கள் அதைத் தூக்கி எறிவதில்லை. பிளேடு மழுங்கினால் சாணை பிடிக்கிறார்கள். கப்ளர் தேய்ந்தால் கப்ளரை மட்டும் மாற்றுகிறார்கள். தையல் இயந்திரத்துக்குப் பெல்ட் அறுந்தால் பெல்ட்தான் வாங்குகிறோம். ஆனால் கணிப்பொறி மெதுவாக ஓடத் தொடங்கினால் மட்டும், "இது பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று யார் சொன்னாலும் உடனே நம்பிவிடுகிறோம். அப்படி நம்புவது தவறு என்பது என் கருத்து. நானாகக் கற்பனை செய்து இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகே சொல்கிறேன்.

என் தந்தையார் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஆகியவற்றை டைப் செய்தும் கொடுப்பார். கடையில் இருப்பது 2013-இல் வாங்கிய ஒரே ஒரு கணிப்பொறி. 2025 மே மாதம், முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வந்த வேளையில், அது மிகவும் சோம்பிவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். காத்திருக்கப் பொறுமையில்லாத இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதில் இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது சார், முப்பத்தெட்டாயிரம் ஆகும், புதிதாகப் போட்டுத் தருகிறேன். இதை எண்ணூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

அன்றிரவு அம்மா தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அடகு வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். அப்பா ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான் நான் வாய் திறந்தேன். "அப்பா, ஒரு வாரமும் மூவாயிரம் ரூபாயும் கொடுங்கள்" என்றேன். "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று அவர் கேட்டதில் தவறில்லை. எனக்கு அதிகம் தெரியாதுதான். ஆனால் எதிர்வீட்டு அக்கா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறார். மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

அக்கா முதலில் கேட்ட கேள்வி, "என்ன வாங்கலாம்?" என்பதன்று, "எது திணறுகிறது?" என்பதுதான். டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் பிராசசர், ராம், டிஸ்க் ஒவ்வொன்றும் எவ்வளவு உழைக்கிறது என்று தெரியும். எங்கள் கணிப்பொறியில் பிராசசர் பாதிகூட உழைக்கவில்லை. ராம் இரண்டு ஜி.பி.தான், அது நிரம்பி வழிந்தது. டிஸ்க்கோ எந்நேரமும் நூறு சதவிகிதத்தில் நின்றது. சமையலறையாக எண்ணிப் பாருங்கள். பிராசசர் சமையல்காரர், ராம் அவருடைய மேடை, ஹார்டு டிஸ்க் சாமான் அறை. மேடை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் அவர் அறைக்கு ஓட வேண்டியிருக்கும். ஆளை மாற்றிப் பயன் என்ன?

இனி அந்தச் சாமான் அறையைப் பார்ப்போம். எங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. அறுபதால் வகுத்தால் நொடிக்கு 120 சுற்று. வேகம்தான் என்று நினைப்போம். ஆனால் ஒரு கோப்பை எடுக்க அதன் ஊசிமுனை உரிய இடத்துக்கு நகர வேண்டும். பிறகு தட்டு சுழன்று அந்த இடம் அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வாறு வெவ்வேறு இடங்களில் கிடப்பவற்றைத் தேடி எடுத்தால் நொடிக்கு ஏறக்குறைய எழுபது, எண்பதுதான் எடுக்க முடியும். கணிப்பொறி தொடங்கும்போது தேவைப்படுபவையோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள்! எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே கிடையாது, எல்லாம் சில்லுகள். நொடிக்குப் பல்லாயிரம் எடுக்கும். எங்கள் பழைய மதர்போர்டு அதன் முழு வேகத்தையும் தாங்காது என்றார் அக்கா. பாதி வேகமே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அக்காவும் நானும் வாங்கியவை இவை. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,750 ரூபாய், நான்கு ஜி.பி. ராம், பழையது, 450 ரூபாய். சாட்டா கேபிள் 60, பிராசசருக்குத் தடவும் பசை 80, மதர்போர்டின் பொத்தான் பேட்டரி 40. ஆக மொத்தம் 2,380 ரூபாய். ராம் எளிதில் தேயும் பொருளன்று, ஆகையால் சோதித்துப் பார்த்துப் பழையதாகவே வாங்கலாம். எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும், ஆகையால் அதைப் புதிதாகவும் வாரண்டியோடும் வாங்க வேண்டும். ராமில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்களுடையது டி.டி.ஆர்.3. இதற்கும் டி.டி.ஆர்.4-க்கும் வெட்டுப்பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் உட்காராது. பழைய ராமைக் கையோடு எடுத்துச் சென்றதால் நாங்கள் தப்பித்தோம். என் மாமா மகன் நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொன்னான். கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு அது எதற்கு? அவனுக்கு விளையாட்டு ஆசை!

வாடிக்கையாளர் கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்தோம். பிறகு மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திருப்புளியால் பெட்டியைத் திறந்தோம். அம்மம்மா! பன்னிரண்டு வருடத் தூசி பஞ்சு மெத்தைபோல் விசிறியில் அடைந்திருந்தது. துடைத்தோம், பசை தடவினோம், எல்லாவற்றையும் பொருத்தி சுவிட்சைப் போட்டோம். திரை இருண்டே இருந்தது. பெட்டி மட்டும் "பீப், பீப்" என்று அலறியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கெடுத்துவிட்டேன், சங்கிலி போகப் போகிறது என்றே எண்ணினேன். அக்கா பதறவில்லை. ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, இருபுறக் கொக்கியும் "டக்" என்று பூட்டும்வரை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கணிப்பொறி இப்போது முப்பத்தைந்து நொடியில் தயாராகிறது.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டது. பதிவு செய்துகொள்வோருக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. விண்டோஸ் 11-க்கு எங்கள் பெட்டி தகுதி பெறவில்லை, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் அண்மைக்காலப் பிராசசரும் வேண்டுமாம். நன்றாக உழைக்கும் இயந்திரத்தை இப்படி ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. லினக்ஸுக்கு மாறலாம் என்றால், அப்பாவின் பிழைப்பு பேஜ்மேக்கரில் இருக்கிறது. 2001-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பே கடைசி. அது விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே உரியது. ஆகவே அந்தக் கணிப்பொறியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு டைப் வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

எல்லாப் பழைய பெட்டிக்கும் செலவழிக்கலாம் என்றும் நான் சொல்ல வரவில்லை. மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தாலோ, இருபது வருடத்துக்கு முந்தைய பென்டியம் 4 ஆக இருந்தாலோ பணத்தை அதில் கொட்ட வேண்டாம். அத்தகையதையும் தெருவோரக் காயலான் கடையில் போடக் கூடாது; அதற்குள் ஈயம் இருக்கிறது. மின்கழிவு எடுப்பதற்கென்று அங்கீகாரம் பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும்.

இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன். சிஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நம் கணிப்பொறி ஆய்வகத்தின் பின்வரிசையில் எட்டுக் கணிப்பொறிகள் துணி போர்த்தி இருக்கின்றன. மூன்று பேர் ஒன்றின் முன் நெருக்கியடித்து உட்காரும்போது, எந்நேரமும் எனக்குப் பார்வை அந்தத் துணியின் மேல்தான். அங்கே பேஜ்மேக்கர் தொல்லை கிடையாது. 1991-இல் இருபத்தொரு வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இலவசம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழும் உண்டு. அவற்றில் சிலவற்றைத் திறந்து பார்த்தாலே, எது பிழைக்கும், எது பிழைக்காது என்று தெரிந்துவிடும். பெண்பிள்ளைகளுக்குத் திருப்புளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் எதிர்வீட்டு அக்காவைக் காட்டுகிறேன்.

அப்பாவிடம் வாங்கிய மூவாயிரத்தில் 620 ரூபாய் மீதி இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தபோது, "நீயே வைத்துக்கொள்" என்றார். ஆய்வகத்தின் முதல் கணிப்பொறிக்கான ராமை நான் வாங்கித் தருகிறேன், சிஸ்டர். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மட்டும் கொடுங்கள்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி