காருக்குக் கமரா, பஸ்ஸுக்கு வெத்திலை

போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனேன். எனக்கு முன் சீற். மதவாச்சி தாண்டின பிறகு ட்றைவரின் தலை மெல்லச் சரிந்து திடுக்கென்று நிமிர்ந்தது. கொண்டக்டர் கண்டுவிட்டார். ஒன்றும் பேசாமல் ஒரு வெத்திலையை மடித்து நீட்டினார்.

"அண்ணை, நித்திரை வருதோ?" என்று கேட்டேன்.

"நேற்றிரவு கொழும்பிலயிருந்து வந்தனான் பிள்ளை. பகல் பஸ்ஸோட வேலை. இப்ப திரும்பப் போறன். ஒண்டும் நடக்காது, நீ படு."

நான் படுக்கவில்லை.

கம்பஸுக்கு வந்து இதை பொறியியல் படிக்கிற ஒரு நண்பனுக்குச் சொன்னேன். அவன் சிரித்தான். "உதுக்கெல்லாம் டெக்னோலஜி வந்திட்டுது. கமரா கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும், இமை மூடினாச் சத்தம் போடும். காப்புரிமை வச்சிருக்கிற கம்பனியள் எல்லாம் இப்ப அடிபடுகினம். போட்டி கூடினா விலை குறையும். பொறு, எங்கட பஸ்ஸுக்கும் வரும்" என்றான்.

எனக்குச் சண்டை அந்தப் "பொறு" என்ற சொல்லோடுதான்.

முதலில், இந்த அறிவு யாருடைய காசில் வந்தது என்று பார்ப்போம். நித்திரையை அளக்க இந்தத் துறை இன்றுவரை நம்பியிருக்கிற அளவுகோல்களில் முக்கியமானது பேர்க்ளோஸ். விசயம் எளிது: ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை கண்மணியை 80 வீதத்துக்கு மேல் மூடியிருக்கிறது என்று கணக்கெடுப்பது. இதை 1994இல் வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகத்தில் வியர்வில் என்பவரும் அவருடைய குழுவும் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனத்துக்காகச் செய்தார்கள். அது பொதுமக்களின் வரிக்காசு. இன்று இந்தச் சந்தையில் பெரிய பெயர்களில் ஒன்றான சீயிங் மெஷின்ஸ் 2000இல் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்த கம்பனி. அதுவும் அரசுப் பல்கலைக்கழகம்தான். விதை பொதுக்காணியில் முளைத்தது, வேலி பிறகு வந்தது.

"வேலி இல்லாட்டி ஆர் காசு போடுவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஒன்றை வெயிலிலும் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டவரிடமும் வேலை செய்ய வைப்பது லேசான விசயமில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தை முகத்தில் அடித்து, இரவிலும் இமையைப் படிக்க வைக்க வருடக்கணக்கில் செலவழித்திருக்கிறார்கள். அதற்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டி தானாக எல்லாரிடமும் வந்து சேரும் என்ற நம்பிக்கையைத்தான் எதிர்க்கிறேன்.

வரலாற்றைப் பாருங்கள். டொயோட்டா 2006இலேயே லெக்ஸஸ் காரில் ட்றைவரின் முகத்தைப் பார்க்கும் கமராவைப் பூட்டிவிட்டது. 2007இல் வொல்வோ, 2009இல் மெர்சிடிஸ் பென்ஸ் என்று ஒவ்வொன்றும் தன் வழியில் ட்றைவரின் களைப்பைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் முறைகளைக் கொண்டுவந்தன. போட்டிக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அது வருடக்கணக்காக விலை கூடின கார்களின் சோடனையாகவே இருந்தது. சாதாரணக் காருக்குள் அதைத் தள்ளியது போட்டி இல்லை, சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒரு ஒழுங்குவிதி போட்டது. அதன்படி 2022 ஜூலையிலிருந்து புதிய மாதிரி வாகனங்களிலும், 2024 ஜூலையிலிருந்து விற்கப்படும் எல்லாப் புது வாகனங்களிலும் நித்திரை எச்சரிக்கை கட்டாயம். அதற்குப் பிறகுதான் எல்லா விலைக் கார்களிலும் அது வந்தது.

சீற் பெல்ற்றின் கதையும் அதேதான். வொல்வோ 1959இல் மூன்று முனை பெல்ற்றின் காப்புரிமையை எல்லாருக்கும் திறந்து விட்டதை எல்லாரும் சொல்லுவார்கள். நல்ல விசயம்தான். ஆனால் திறந்து விட்டதால் மட்டும் சனம் பெல்ற் கட்டவில்லை. 1970இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கட்டாயச் சட்டம் போட்டது, பிறகு ஒவ்வொரு நாடாக வந்தது. திறந்த கதவும் வேணும், தள்ளுகிற கையும் வேணும்.

இந்தப் போட்டி யாருக்காக நடக்கிறது? கார் உற்பத்தியாளர்களின் ஒப்பந்தங்களுக்காக. சுவீடனின் ஸ்மார்ட் ஐ 2021இல் அமெரிக்காவின் அஃபெக்டிவாவை வாங்கியது. இன்னொரு சுவீடன் கம்பனியான டோபி 2024இல் எக்ஸ்பெரியின் ஓட்டோசென்ஸ் பிரிவை வாங்கியது. போட்டி என்று நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்க, ஆட்டக்காரர்களின் தொகை குறைந்துகொண்டு போகிறது. காருக்கு வெளியே இந்தக் கமரா முதலில் போன இடங்களில் ஒன்று சுரங்க லொறிகள். ஏனென்றால் அந்த லொறி ஒன்றின் விலை மில்லியன் டொலர் கணக்கில். ஏ9 வீதியில் ஓடுகிற பழைய லேலண்ட் பஸ்ஸுக்காக எந்தக் கம்பனியும் இன்னொரு கம்பனியோடு அடிபடப் போவதில்லை.

இனி எங்கட பக்கத்துப் பிழை. "எல்லாத்தையும் காப்புரிமை எடுத்துட்டாங்கள், நாங்கள் என்ன செய்யிறது" என்பது எங்கட பல்கலைக்கழகங்களில் அடிக்கடி கேட்கிற சாட்டு. இது பாதிப் பொய். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இங்கே பதிந்தால்தான் இங்கே செல்லும். அமெரிக்காவில் மட்டும் பதிந்த காப்புரிமையைக் காட்டி யாழ்ப்பாணத்தில் ஒருவரும் உங்களைத் தடுக்க ஏலாது. குறித்த காலத்துக்குள் இங்கே விண்ணப்பிக்காதவர் பிறகு நினைத்தாலும் விண்ணப்பிக்க முடியாது, ஏனென்றால் அது அதற்குள் உலகத்துக்கே தெரிந்த விசயமாகிவிடும். பதிந்ததும்கூட விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான். 2000களின் தொடக்கத்தில் விண்ணப்பித்தவற்றின் காலம் முடிந்துவிட்டது.

இன்னொன்று, காப்புரிமை வேண்டுமென்றால் கண்டுபிடிப்பை விளக்கி எழுதிப் பகிரங்கப்படுத்த வேண்டும். அதுதான் அந்த ஒப்பந்தமே. அந்த ஆவணங்களை இணையத்தில் ஒரு சதம் செலவில்லாமல் வாசிக்கலாம். தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் எது இங்கே பதிவு, எது பதிவில்லை என்று ஒவ்வொன்றாய்த் தேடிப் பார்க்கலாம். நான் கலைப்பீடத்துக்காரி, எனக்கே இவ்வளவு விளங்குகிறதென்றால் பொறியியல் பீடத்துக்கு விளங்காமல் இருக்காது. செய்ததை வெளிநாட்டில் விற்கப் போனால் அங்கத்தைய காப்புரிமை குறுக்கே நிற்கும், உண்மை. ஆனால் எங்களுக்குத் தேவை ஏற்றுமதி இல்லை, இரவு பஸ்.

உண்மையான பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. கம்பனிகள் சேர்த்து வைத்திருக்கிற ஆயிரக்கணக்கான மணித்தியால முகப் பதிவுகளும், அதில் பழக்கிய மென்பொருளும் வணிக இரகசியம். காப்புரிமைக்காவது 20 வருடத்தில் முடிவு உண்டு. இரகசியத்துக்கு முடிவுநாள் கிடையாது. அந்தப் பூட்டை உடைக்க ஒரே வழி எங்கட ட்றைவர்மாரின் முகங்களை, அவர்களின் முழுச் சம்மதத்தோடு, கூலி கொடுத்து, எங்கட பல்கலைக்கழகங்களே பதிவு செய்து, அதில் பிறக்கிற மென்பொருளை எல்லாருக்கும் திறந்து விடுவது. இதைத் தனி ஒரு கம்பனி செய்யாது. பொதுக்காசில்தான் செய்ய வேண்டும். பேர்க்ளோஸும் அப்படித்தான் வந்தது.

ஆனால் அந்தக் கமரா நாளைக்கே வந்தால் நான் முழுதாகச் சந்தோசப்பட மாட்டேன். ஐரோப்பிய ஒழுங்குவிதியில் ஒரு நல்ல நிபந்தனை உண்டு: இந்தக் கருவி தேவைக்கு மேல் எதையும் தொடர்ந்து பதிவுசெய்து வைத்திருக்கக்கூடாது, தரவை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக்கூடாது. அங்கே கார்க்காரரின் முகத்துக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. இங்கே அப்படி ஒரு விதி இல்லாமல் பஸ்ஸில் பூட்டினால் என்ன நடக்கும்? முதலாளியின் போனுக்கு வீடியோ போகும். "மூன்று தரம் கண் மூடினனீ, நாளைக்கு வராத" என்று சொல்லுவார். அந்த இடத்துக்கு இன்னொரு நித்திரை இல்லாத ட்றைவர் வருவார்.

அந்த அண்ணைக்கு நித்திரை வருகிறது என்று கண்டுபிடிக்க கமரா தேவைப்படவில்லை. கொண்டக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவருக்கே தெரியும். அவரிடம் இல்லாதது எச்சரிக்கை இல்லை, ஓய்வு. நேற்றிரவு ஓட்டினவரை இன்றிரவும் ஓட வைக்கிற ட்றிப் கணக்குச் சம்பளத்தை எந்தக் கருவியும் திருத்தாது. கமரா கடைசிக் காவல், முதல் காவல் இல்லை.

ஆகவே கேட்பதை முழுதாகக் கேட்போம். நெடுந்தூர இரவு பஸ்ஸுக்கு இரண்டு ட்றைவர், இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் கட்டாய ஓய்வு. அதற்கு மேல் நித்திரை எச்சரிக்கை கட்டாயம், அது பஸ்ஸுக்குள் மட்டும் சத்தம் போட வேண்டும், முதலாளியிடம் கோள் சொல்லக்கூடாது. அதைச் செய்கிற வேலை பொதுக்காசில் எங்கட பீடங்களுக்கு.

நண்பனே, பொறுக்கச் சொல்லாதே. காப்புரிமை ஆவணங்கள் திறந்துதான் கிடக்கின்றன, வாசிக்கத் தொடங்கு. நாங்கள் கொழும்பில் இறங்கும்போது விடிந்துவிட்டது. அந்த அண்ணை ஸ்ரியறிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். இரவு திரும்ப ஓட வேண்டும் என்று கொண்டக்டர் சொன்னார்.