வெட்டிவேருக்கு எதுக்குங்க டாக்டர் வேஷம்?

கோடை வந்தா போதும், "வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணியில கிருமியெல்லாம் செத்துடும்"னு வாட்ஸ்அப்பில் சுத்த ஆரம்பிச்சிடுது. அனுப்புறவங்க பெரும்பாலும் நகரத்து நண்பர்கள். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் கடற்கரை மணலில் விளையுற வேர் அது. விளையுற மாவட்டத்துக்காரன் சொல்றேன்: அது பொய்.

எண்ணெய் பாட்டில்ல "கெமிக்கலே இல்லை"னு அச்சடிக்கிறாங்களே, அதுவும் பொய்தான். வெட்டிவேர் எண்ணெயே நூற்றுக்கும் மேற்பட்ட ரசாயனங்களின் கலவை. குஸிமால், வெட்டிவோன் போன்றவை கனமான மூலக்கூறுகள்; சட்டுனு ஆவியாகாது. வாசம் நாள்கணக்கில் நிக்கிறதும், சென்ட் கம்பெனிக்காரங்க தேடி வர்றதும் அதனாலதான்.

அந்த எண்ணெயை இறக்க ராப்பகலா நீராவி விடணும். 100 கிலோ காய்ஞ்ச வேருக்கு ஏறக்குறைய 1 கிலோதான் தேறும். பச்சைத் தண்ணியில ஊறுற நாலு வேரிலிருந்து எவ்வளவு இறங்கிடும்? அதுவும் தண்ணியில சரியா கரையாத எண்ணெய். மணக்கிறதுக்கு அது போதும், கிருமியைக் கொல்லப் போதாது.

"ஆய்வகத்தில் நிரூபிச்சிருக்காங்களே" என்பீர்கள். உண்மைதான். தட்டில் வளர்த்த ஸ்டெஃபிலோகாக்கஸ் மேல எண்ணெயை நேரடியா வைத்தால் அதன் வளர்ச்சி தடைபடும். ஆனால் வயித்துப்போக்கு தரும் ஈ.கோலி வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு கவசம் மாதிரி இருக்கு. எண்ணெய் அதைத் தாண்டத் திணறும். கிருமியை எதிர்க்கிறதில் ஓமத்தின் தைமாலும் கிராம்பின் யூஜினாலும் இதைவிடப் பலசாலிகள். அவற்றை நம்பியே யாரும் குடிதண்ணியைச் சுத்தம் பண்றதில்லையே!

இதை ஏன் இவ்வளவு காட்டமா எழுதுறேன்? 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் மிதந்ததை நீங்களும் டிவியில் பார்த்தீங்க. கொள்ளிடம் பெருகினா சிதம்பரம் பக்கத்துத் தாழ்வான ஊர்களுக்கும் அதே கதிதான். அந்த நேரத்தில் காய்ச்சாத தண்ணியில வேரைப் போட்டுக் குழந்தைக்குக் குடுக்கச் சொல்றது இயற்கை வாழ்வியல் இல்லைங்க, கொலைபாதகம்.

பாட்டில்காரனுக்கு என்ன, நாளைக்கு வேற மூலிகையைத் தூக்கிட்டுப் போயிடுவான். வேரைப் பயிர் பண்ணினவன்தான் கெட்ட பேரோட நிப்பான். வருஷம் முழுக்கக் காத்திருந்து மணலைத் தோண்டி எடுக்கிற வேர் இது. வாசத்துக்காக வாங்குங்க, நியாயமான விலை குடுங்க. அதுவே அதுக்குப் போதுமான பெருமை.

தண்ணியை நல்லா கொதிக்க வைங்க. ஆற விடுங்க. அப்புறம் கழுவின வேரைப் போடுங்க.